என் உடம்பும் உன் உடம்பும்

செஞ்சி, 3-8-1966

அன்புள்ள தங்கைக்கு,

என் மார்பில் உள்ள கட்டி புற்றுதானாம். திங்களன்று வேலூரில் அறுவைச் சிகிச்சை.

மாதவிலக்கு நின்றபின் என்னைப்போல உடம்பு பெருத்த பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல் என்றார் டாக்டரம்மா. உன் ஞாபகம்தான் வந்தது. கான்வென்ட் ஓட்டப்பந்தயத்தில் நீதான் முதல். "உன் தங்கச்சியைப் பாரு, கோட்டைப் படியில ஆடு மாதிரி ஏறுறா" என்று உன் அத்தான் சாகும்வரை என்னைக் குத்தினார். இப்போது நோயும் உன்னை விட்டுவிட்டதே என்று வயிறு எரிந்தது.

"ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வருதும்மா" என்றார் டாக்டரம்மா. கேட்டதும் ஒரு கணம் மகிழ்ந்தேன். அப்புறம்தான் பயந்தேன்.

நாளைக்கே டாக்டரிடம் போய்க் காட்டு. ஒன்றும் இல்லை என்று எனக்கு எழுது. எப்போதும்போல இதிலும் நீயே ஜெயித்துவிடு.

உன் அக்கா