வாசல் பல்பு

ஜூலை 4

மக்காச்சோளத்துக்குள் இறங்கி ஏறினால் கழுத்தெல்லாம் அரிப்பு. குருத்தை விரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம், அதற்கடியில் படைப்புழு. போன போகத்தைத் தின்றது போதாதா இந்தச் சனியன்களுக்கு? இதுவும் போனால் நிலத்தை விட்டுவிட்டு டவுனில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறேன் என்கிறார் என் வீட்டுக்காரர். போகட்டும். நானும் மாமனாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

ஜூலை 6

இடுப்பு விட்டுப்போச்சு.

ஜூலை 9

பூச்சிமருந்துக் கடைக்காரர் வந்து பார்த்தார். வீட்டை ஒட்டிய வரிசைகளில்தான் சேதம் அதிகம். வாசல் பல்பைக் காட்டி, "இது ராத்திரி பூரா எரியுதா? அந்துப்பூச்சிய வெத்தலை பாக்கு வெச்சு நீங்களே அழைச்சிருக்கீங்க. வந்தது சும்மா போகுமா, முட்டை போட்டுட்டுத்தான் போகும்" என்றார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். பல்பு மாமாவுக்காக எரிவது. கை கால் விழுந்ததிலிருந்து வாசல் பக்க ஜன்னலோரம்தான் அவருக்குப் படுக்கை. அணைத்தால், "போடும்மா, போடும்மா" என்பார். இருட்டென்றால் பயம், பாவம். அவரிடம் பெற்ற மகன் சொல்ல மாட்டாராம், நான்தான் சொல்ல வேண்டுமாம். நல்லா இருக்கே நியாயம்!

ஜூலை 10

சொல்லிவிட்டேன். "அறுவடை வரைக்கும்தான் மாமா."

"பயிருக்குன்னா அணைச்சிடும்மா." அவ்வளவுதான். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

ஜூலை 23

புதுக் குருத்து சுத்தமாக வருகிறது. மருந்தாலா, இருட்டாலா, கடவுளுக்கே வெளிச்சம். மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் பசிக்கலையாம். தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யாரோடு மல்லுக்கு நிற்க?

அக்டோபர் 3

அறுவடை முடிந்தது. அமோகம் என்று சொல்ல முடியாது, தப்பித்தோம். வாட்ச்மேன் பேச்சை இவர் எடுப்பதில்லை.

பொழுது சாய்ந்ததும் நானே பல்பைப் போட்டேன். "இனிமே பயமில்லாம தூங்குங்க மாமா."

"பயமா? எனக்கென்னம்மா பயம்?" ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு பூச்சியக்கூடக் காணோமே. முன்னெல்லாம் பல்பைச் சுத்திச் சுத்தி வரும். பார்த்துக்கிட்டே கிடப்பேன். இந்தப் பக்கம் வேற யாரு வர்றாங்க?"

சாப்பாடு, மாத்திரை, துணி மாற்ற என்று நாள் பூரா அந்த அறைக்குள் போய்வருகிறேனே. ஆனால்... ஒரு நாளாவது உட்கார்ந்தேனா?

பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னம்மா?"

"சும்மாதான் மாமா."

இதை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என்ன எழுதுகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.