பின் சீட்டில இருந்த பெட்டி

ஆஸ்பத்திரி விடுதி, மட்டக்களப்பு
2005.01.09

மச்சான் ரொபினுக்கு,

நத்தாருக்கு மறுநாள் காலம்பற ஒன்பது நாப்பத்திரண்டு. லேப் மணிக்கூட்டப் பாத்தன். கடல் எங்கட டச்பார் ஊருக்குள்ள வந்திட்டு, வீடும் இல்ல, நட்டாஷாவும் இல்லையெண்டு பக்கத்து வீட்டுப் பிறெண்டாதான் போன்ல சொன்னவ.

மூண்டாம் நாள் அவவக் கண்டெடுத்தம். பச்சைச் சட்டை. அண்டைக்கே அடக்கிட்டம். நீ கட்டாரில இருந்து வருமட்டும் வைச்சிருக்க ஏலாமப் போச்சு, குறை நினைக்காத.

கடல் வந்த அண்டைக்கு, ஞாயித்துக்கிழமையெண்டாலும் நான் வேலைக்குப் போயிட்டன். வயித்துப்புண்காரரிட இரைப்பையில கிள்ளியெடுத்த துண்டில கிருமி வளக்கிறம். அதுக்கு லீவு இல்ல.

புளியந்தீவில மாமி கஞ்சி மட்டும் குடிக்கிறா. நட்டாஷாவக் காப்பாத்த ஒரு வழியும் இருக்கல்ல மச்சான். அத நம்பு.

லெஸ்டர்


டோஹா
2005.01.28

லெஸ்டர்,

மச்சான் எண்டு இனி எழுதாத. போன் அடிச்சா எடுக்கிறாயில்ல, அதாலதான் இந்தக் கடதாசி.

பிறெண்டா அம்மாட்ட வந்து சொல்லியிருக்கா. அண்டைக்கு விடிய நீ மோட்டச் சைக்கிள் எடுக்கக்குள்ள, "என்னையும் அம்மாட்ட விட்டிட்டுப் போங்க" எண்டு தங்கச்சி கேட்டவவாம். நீ பின் சீட்டில ஒரு பெட்டியக் கட்டிக்கொண்டு போனியாம். மதிலுக்கு அங்கால நிண்டு பிறெண்டா காதால கேட்டவ.

வழி இருக்கல்லையெண்டு எழுதினாயே. பாலத்தைத் தாண்டினா அம்மாட வீடு. அங்க கடல் வரல்ல.

அந்தப் பெட்டியில என்னடா இருந்த? என்ட தங்கச்சி இருக்கவேண்டிய இடத்தில என்னத்த ஏத்தின நீ? ஒளிக்காம எழுது. அதுவரைக்கும் அம்மாட வாசலுக்குப் போகாத.

ரொபின்


மட்டக்களப்பு
2005.02.20

ரொபின்,

பிறெண்டா சொன்னது சரி. நான் ஒளிச்சதும் சரி.

பெட்டியில ஒரு கண்ணாடிப் போத்தல். அதுக்குள்ள கிருமி வளக்க ரத்தம் கலந்து ஊத்தின பதினொரு பிளேட், பதினொரு பேர்ர இரைப்பைத் துண்டு. இந்தக் கிருமிக்குக் காத்து ஆகாது. உள்ளுக்க மெழுகுதிரி கொளுத்தி மூடுவம், காத்தைத் தின்னிட்டு அது அணைஞ்சு நூரும். மறுகா உடம்புச் சூட்டில வைக்கோணும். லேப்பில அந்தக் கிழமை கரண்ட் சரியில்ல. செவ்வாய்க்கிழமை வீட்ட கொண்டுவந்து, பல்ப் போட்ட பெட்டிக்குள்ள வைச்சன்.

எனக்குப் பொறுமை இல்ல. ஒவ்வொரு நாளும் திறந்து பாப்பன். இந்தமுறை நட்டாஷா மூடியச் சுத்தி டேப் ஒட்டிட்டா. "ஞாயிறுக்கு முந்தித் தொட்டா நத்தார்க் கேக்கும் இல்ல, சோறும் இல்ல." நான் தொடல்ல.

ஞாயிறு அவ கேட்டவ. "பெட்டி ஆடினா எல்லாம் பழுதாகிரும், பத்து மணிக்கு வந்து உன்ன ஏத்திறன்" எண்டன். "உங்கட கிருமிக்கு இருக்கிற மரியாத" எண்டு சிரிச்சவ.

ஒன்பது மணி போல டேப்பைக் கிழிச்சன். எட்டுப் பிளேட்டில வளந்திருந்திச்சு. முந்தி ரெண்டுக்கு மேல வளந்ததில்ல. போன் அடிக்கக்குள்ள நான் சந்தோசமா இருந்தன். இதையும் ஒளிக்கல்ல.

எப்பிடி வளத்த எண்டு எழுதித் தரச்சொல்லி டொக்டர் கேட்டார். "அஞ்சு நாள் திறக்காம வைச்சது நட்டாஷா" எண்டு எழுதினன். அவ எந்த டிபார்ட்மென்ட் எண்டு கேட்டார்.

பிளேட் எல்லாத்தையும் அவிச்சுக் கொட்டிட்டன்.

நீயும் மூண்டு நத்தாரா வாறன் வாறன் எண்டு வரல்ல. ஒவ்வொரு முறையும் உனக்குக் கேக் எடுத்து வைச்சவ. அத நான்தான் திண்டன்.

மாமிட வாசலுக்குப் போகமாட்டன். இத வாசிச்சா நீ போன் அடிப்பாய். அடிக்காத. போன ஓஃப் பண்ணிட்டன்.

லெஸ்டர்