மதினி சொன்னதில் மீதிப் பாதி

மதினி,

இன்று சாயங்காலம் டிவியில் உங்களைப் பார்த்தேன்.

பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். எங்கோ வேறு மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் என்று சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடியது. கவச உடை போட்ட ஆட்கள், சாக்கு மூட்டைகள், நெஞ்சை அடிக்கிற இசை. அதற்கு நடுவே நம் கொல்லை. நம் முருங்கை மரம். கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, ஊதாச் சேலையில் நீங்கள். "வருசா வருசம் வர்றதுதாங்க" என்றீர்கள். அவ்வளவுதான். விளம்பரம் வந்துவிட்டது.

செத்துப்போனவரின் முகத்தை எடுத்துப் போடுகிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உயிரோடு இருந்தபோதே உங்களைக் கேட்காதவர்கள்தானே.

அன்றைக்கு அந்த நிருபர் வந்தபோது, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். பாப்பாவின் அப்பா வெளிநாட்டில் இருக்க, அண்ணன் வீடே எனக்கும் வீடாக இருந்த காலம்.

"கோழி ஏதும் செத்துச்சாக்கா?"

"சாகலப்பா. ரெண்டு தூங்குது."

"தூங்குதுன்னா?"

அவன் டவுன்காரன், அவனுக்கு எங்கே தெரியும். கோழிக்குச் சீக்கு என்று நீங்கள் வாயால் சொல்லவே மாட்டீர்கள். சொன்னால் கூண்டோடு போய்விடும் என்பீர்கள். தலையைத் தொங்கப்போட்டு நின்றால் 'தூங்குது', அதோடு சரி. அவனுக்காகத்தான் அன்று பொறுமையாக விளக்கினீர்கள்.

"கோடை வந்தா கோழி தூங்கத்தான் செய்யும் தம்பி. வெள்ளைக் கழிச்சல். வருசா வருசம் வர்றதுதாங்க. நீங்க டிவில சொல்ற காய்ச்சல் இது இல்ல. மாட்டு டாக்டரு வந்து டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்காரு, ரிசல்ட் வரட்டும்."

அதில் அவர்களுக்கு வேண்டியது மூன்று வார்த்தை. 'ஆண்டுதோறும் பறவைக் காய்ச்சல்! மறைத்த கிராமம்!' என்று அதைத் திருப்பித் திருப்பிப் போட்டார்கள்.

அந்த வாரம் பாப்பாவுக்குச் சளி. நான் பட்டப்படிப்பு முடித்தவள். இருந்தும் போனில் வந்த ஒவ்வொரு வீடியோவுக்கும் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நீங்கள்தான் முட்டைக் கிண்ணத்தை எடுத்து அப்பால் வைத்தீர்கள். "நீ புள்ளக்காரி ஆத்தா, பயப்படுறது நாயம். தெளியிற வரைக்கும் முட்டை வேணாம். டிவிக்காரவுகளுக்குத்தான் பயமே இல்ல. அவுகளுக்கு இது யாவாரம்." எனக்குக் கோபித்துக்கொள்ளக்கூட இடம் வைக்காமல் சொன்னீர்கள்.

விராலிமலைச் சந்தைக்கு நாலு சேவலோடு போனீர்கள். "டிவில வந்த அக்கா இல்ல இது?" என்று ஒருத்தி சொன்னதும், உங்களைச் சுற்றி வட்டம் போட்ட மாதிரி இடம் விழுந்ததாம். திரும்பும்போது கண்டக்டர், "அக்கா, கோழியோட ஏறாத, ஆளுக எறங்கிருவாக" என்றார். வெயிலில் நடந்தே வந்தீர்கள். வந்து முதலில் கோழிகளுக்குத்தான் தண்ணீர் வைத்தீர்கள்.

மறுநாள் தெருவே வாசலில் நின்றது. உங்களிடம் யாரும் பேசவில்லை. அண்ணனிடம்தான் கேட்டார்கள். "எங்க புள்ளைகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒம் பொண்டாட்டியா வந்து பார்ப்பா?"

"ரிசல்ட் வரட்டும் மாமா. அது வரைக்கும் இனி அடைச்சே வைக்கிறேன், ஒண்ணையும் வெளிய விடமாட்டேன்" என்று நீங்கள் உள்ளேயிருந்து சொன்னது அவர்கள் காதில் ஏறவில்லை. அண்ணன் குழி வெட்டினார். சுண்ணாம்பு வந்தது. தூங்கின ரெண்டோடு, துள்ளித் திரிந்ததும் போயிற்று. அடை உட்கார்ந்திருந்த கருப்பி மட்டும் எழ மாட்டேன் என்று உங்கள் கையைக் கொத்தியது. கொத்திய இடத்தைத் துடைக்காமலே அதைத் தூக்கிக் கொடுத்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் ரிசல்ட் வந்தது. வெள்ளைக் கழிச்சல். நீங்கள் சொன்னதேதான்.

அந்த நிருபர் கொடுத்த நம்பருக்கு என் போனிலிருந்து பேசினீர்கள். "தம்பி, ரிசல்ட் வந்துருச்சு. வந்து அதையும் எடுத்துப் போடுங்க." அவன் மரியாதையாகத்தான் சொன்னான்: "அது இப்ப நியூஸ் இல்லக்கா."

போனை என்னிடம் நீட்டிவிட்டு, "நான் பொய் சொன்னது மாதிரியே ஆகிப்போச்சு" என்றீர்கள். கோழி போனதைக்கூட அப்படி வருத்தமாகச் சொல்லவில்லை. பஞ்சாரத்தைக் கழுவிக் காயவைத்தீர்கள். ஒரு குஞ்சுகூட அப்புறம் வாங்கவில்லை.

அடுத்த தைக்குள் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். கேதத்துக்கு வந்த ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் குனிந்தாள்: "என்னத்துலத்தா போச்சு? அந்தக் கோழிக் காய்ச்சலா?" மாரடைப்பு என்றேன். "நாங்க அப்படித்தான் கேள்விப்பட்டோம்" என்று எழுந்து போனாள். எதைக் கேள்விப்பட்டாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதே தெருவில் இப்போது ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் கோழிக்குழம்பு மணக்கிறது. நாட்டுக்கோழி கிடைப்பதில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். எனக்குத்தான் இன்னும், பாப்பா பகலில் கண்ணசந்தால், 'தூங்குறா' என்று சொல்ல வாய் வருவதில்லை.

இன்று உங்கள் முகம் வந்ததும் அவள், "அயித்தை!" என்று ஓடிப்போய் டிவியைத் தொட்டாள். சுவரில் மாலையோடு இருக்கும் முகம் பேசியதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிறகு திரும்பிக் கேட்டாள்.

"அயித்தை ஏம்மா பாதியிலயே நிப்பாட்டிருச்சு?"

"அயித்தை நிப்பாட்டலத்தா. நிப்பாட்டிட்டாக."

"மீதி என்ன?"

அண்ணன் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அந்த மீதி இனி என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது, மதினி. சொன்னேன். அவள் எச்சில் வாயோடு டிவி முன்னால் நின்று, உங்களைப் போலவே மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "நீங்க சொல்ற காய்ச்சல் இது இல்ல" என்று சத்தமாகச் சொன்னாள்.

அதற்குள் அங்கே சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.