மனேஜரின் கார் கிளம்பும் முன்பே

நானா,

நேற்று மாத்தளைக் கடைத்தெருவில், ஒரு கடை வாசலில் மிளகைக் கொட்டிப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். கடந்து போகும்போதே தும்மல் வந்துவிட்டது. தும்மி முடித்ததும் உங்கள் நினைவு. நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு இப்படித்தான், தெருவில் எங்காவது நின்றுவிடுகிறேன்.

நம்முடைய வாசனைச் சரக்குக் கம்பெனியில் நீங்கள் பெரிய கிளாக்கர், நான் டைப்பிஸ்ட். அண்ணன் முறை வைத்து உங்களை நானா என்றுதான் கூப்பிடுவேன். நாலரைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் மனேஜரின் கார் கிளம்பும்வரை யாரும் எழக்கூடாது. அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுந்தவர்களுக்கு அடுத்த முறை லீவு கிடைக்காது, அவ்வளவுதான். அவர் உள்ளே பேப்பர் வாசிப்பார். நாம் அடுக்கிய கடிதங்களையே மறுபடி அடுக்கிக்கொண்டிருப்போம். எல்கடுவைக்குப் போகும் கடைசி பஸ் எனக்காக நிற்குமா? வீட்டில் கைக்குழந்தை. பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில் ஏதாவது லொறியில் பாதி தூரம், மீதி மலையேற்றம். பால் கட்டி மார்பு வலிக்கும்.

யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் கேட்டதில்லை. ஒரு நாள், நனைந்த ரவிக்கையை நான் முந்தானையால் மூடுவதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அப்படியே எழுந்து மனேஜரின் அறை வாசலில் போய் நின்றீர்கள்.

"சேர், வேல முடிஞ்சி. நாங்க போய்ட்டு வாரம்."

"நான் இருக்கும்போதே எழும்பிப் போறதா? மரியாதை தெரியாதா?"

"மரியாதைக்குத்தானே சேர் சொல்லிட்டுப் போறம்."

என் பக்கம் திரும்பினீர்கள். "தங்கச்சி, பேக்க எடுங்க. பஸ் போயிரும்."

பையை எடுத்துக்கொண்டு உங்கள் பின்னால் வந்தேன்.

அடுத்த வாரமே உங்கள் மேசை பின்கட்டில் இருந்த மிளகு ஸ்டோருக்குப் போய்விட்டது. நாள் முழுக்கத் தும்மல், கண்ணெல்லாம் சிவப்பு. ஆனாலும் வேலை முடிந்ததும் லேஞ்சியால் மூக்கைத் துடைத்தபடி ஆபீஸ் வாசலில் வந்து நிற்பீர்கள். "தங்கச்சி, பஸ்ஸுக்கு நேரமாகல்லையா?" மனேஜருக்கும் கேட்கும்படிதான். நான் எழுவேன். கொஞ்ச நாள் நான் மட்டும். பிறகு பலாபத்வலயிலிருந்து வரும் கணக்கர் எழுந்தார். அப்புறம் இன்னொருவர். ஒரு மழை நாளில் மனேஜர் வெளியே வந்து பார்த்தபோது வெறும் நாற்காலிகள்தான் இருந்தனவாம். அத்தனை பேரையும் ஸ்டோருக்கு அனுப்ப முடியுமா?

உங்களை மட்டும் அவர் திருப்பி அழைக்கவே இல்லை. எல்லோரும் போய்க் கேட்போமா என்றேன்.

"வேணாம் தங்கச்சி. அங்க மனேஜர் ஈக்கார். இங்க மிளகு மட்டுந்தானே ஈக்கி."

சிரித்தீர்கள். சிரிப்பின் நடுவே இருமல். அது என் காதில் விழவில்லை என்று நீங்கள் நினைக்க விரும்பினீர்கள். நானும் கேட்காததுபோலவே இருந்துகொண்டேன்.

இப்போது வேறோர் ஆபீஸில் ஒரு பகுதி என் பொறுப்பில். எனக்கும் தனி அறை. புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி கடிகாரத்தையும் என் கதவையும் மாறி மாறிப் பார்ப்பதை ஒரு நாள் கண்டேன். அன்றிலிருந்து, எவ்வளவு வேலை கிடந்தாலும், நேரமானதும் முதல் ஆளாக நான்தான் பையை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறேன். சந்திக் கடையில் மெதுவாக ஒரு பிளேன்டீ குடிக்கிறேன். எல்லோரும் பஸ் ஏறிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு, திரும்பிப் போய் மிச்ச வேலையைப் பார்க்கிறேன்.