ஆறாவது கிண்ணம்

அன்புள்ள உருண்டைக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் கைகால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் பேத்திக் குட்டியும் அதேபோல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. உருண்டை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தால் அந்தப் பெயர் இனி ஒட்டாது போலிருக்கிறது, கன்னமெல்லாம் எங்கே போய்விட்டது, கண்ணாடி வேறு, எப்போது போட்டாய் என்று ஒரு வார்த்தை சொன்னதுண்டா? உன் அத்தை போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு யாரு இந்த வாத்தியாரு என்று கேட்டாள். நான் சிரித்தேன், ஆனால் அவள் அந்தப் பக்கம் போனதும் விரலால் உன் கண்ணாடியை மறைத்துப் பார்த்தேன். அப்போதும் பழைய முகம் கிடைக்கவில்லை.

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அப்பா ஒரு வார்த்தை கேட்டாப் போதும்மா, அப்பவே டிக்கெட் போட்டுடுறேன், இல்லன்னா அந்த வீட்ல வந்து யார் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காருறது என்றாய். மாதக் கடைசிக்குள் லீவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாய். பக்கத்து நாற்காலியில் அவர் இருக்கும்போது நான் என்ன சொல்வேன்? உன் குரல் கேட்டதும் வழக்கம்போல மாடிக் குழாய் சொட்டுதே என்று எழுந்து போய்விட்டார். ஏழு வருஷமாகச் சொட்டுகிற குழாய், உன் போன் வரும்போது மட்டும். அதனால்தான் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், உன் அம்மா சந்தைக்குப் போய் வந்த கதையைச் சொல்லாமல் பதிலைச் சொல்ல வராது, பொறுமையாகப் படி.

அந்தக் கிண்ணங்கள் உனக்கு மறந்திருக்காது. அப்பா தன் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி உனக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை வாங்கிக் கொடுத்த மாதம், ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள் என்று ஆறு கிண்ணங்களைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தாரே. பிரெஞ்சுக்காரர்கள் காப்பி குடிக்கிற கிண்ணமாம், ரொம்பப் பழசு, ஆனால் ஒரு தடவைகூடப் புழங்காதது. பட்டை பட்டையான பக்கம், கீழே ஒரு சின்னப் பாதம், பிடியே கிடையாது. ஒரு கைக்குட்டைகூடத் தானாக வாங்கத் தெரியாத மனுஷன் அன்றைக்கு மேசையில் அவற்றை வரிசையாக வைத்து, நானு, நீ, தங்கச்சி, பையன், நாளைக்கு வரப்போற மருமக, ஒரு பேரப்பிள்ள, சரியா ஆறு என்று சொன்னார். எல்லாரும் சேர்ந்து பத்து நாள்தான் குடித்திருப்போம். நீ வேலையை விட்டு நின்றது அவருக்கு உன் வாயால் தெரியாமல் கம்பெனி வாசலில் பத்துப் பேர் நடுவில் தெரிந்தது. அன்று சாயங்காலம் நீ மேசையை ஓங்கித் தட்டினாய், உன் கிண்ணம் விழுந்தது. நீ வேண்டுமென்று உடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒனக்காக வாய் விட்டுக் கேட்டேன் பாரு, என்னச் சொல்லணும் என்றார். அதுதான் உன்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு.

மீதி ஐந்தும் அதே அலமாரியில்தான், எங்களுக்கும் வருகிறவர்களுக்கும் இன்றுவரை காப்பி அவற்றில்தான். ஆறாவது இடம் காலி. ஒரு தடவை அத்தை அங்கே சர்க்கரை டப்பாவை வைத்தாள், அவர் அதை எடுத்துக் கீழே வைத்தார். அன்றிலிருந்து எனக்குள் ஒரு பைத்தியக்கார யோசனை. அந்த இடம் நிறைந்துவிட்டால், காலையில் காப்பிக்கு வரும்போதெல்லாம் அந்த வெற்றிடம் அவர் கண்ணைக் குத்தாமல் இருந்தால், இவர் மனசு கொஞ்சம் இளகாதா? நீ கேட்ட அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை அத்தையை இழுத்துக்கொண்டு பழைய சாமான் சந்தைக்குக் கிளம்பினேன்.

முன்பு சரக்கு ரயில் நின்ற பெரிய கொட்டகையில் நடக்கிறது அந்தச் சந்தை. கூரையெல்லாம் கண்ணாடி, வெளியே தூறல், உள்ளே வெளிச்சம் பால் கலந்த மாதிரி இறங்குகிறது. எங்கே பார்த்தாலும் பீங்கான். மீன் நீளத்துக்குத் தட்டுகள், கத்தியைச் சாய்த்து வைக்க மட்டும் ஒரு குட்டிப் பீங்கான் கட்டை, பாத்திரத்தைத் தொலைத்த மூடிகள், மூடியைத் தொலைத்த பாத்திரங்கள். மனுஷர்கள் எல்லாரும் மெதுவாக, சத்தமில்லாமல், தூக்கத்தில் நடக்கிறவர்கள் போல நடக்கிறார்கள். எனக்கு நேரமே தெரியவில்லை போ. ஒவ்வொரு கிண்ணமாகக் கையில் ஏந்தினேன், நீலக் கோடு போட்டது, ரோஜாப் பூ அச்சு குத்தியது, உள்ளே கரண்டி தேய்ந்து தேய்ந்து மங்கிப்போனது. யாரோ ஒருத்தி எத்தனையோ காலையில் இதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றிருப்பாள், அவளுக்கும் தூரத்தில் ஒரு பிள்ளை இருந்திருக்குமோ என்று நினைத்தேன். அந்தக் கிண்ணம் என் கையில் வெதுவெதுப்பாக இருந்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். கடைக்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிடி வைக்காதது வேணும்னுதாம்மா, ரெண்டு கையும் சூடாயிட்டா கோவம் தானா எறங்கிரும் என்றார். வியாபாரப் பேச்சுதான், இருந்தாலும் கிண்ணத்தைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் நான் என் வேலையைக் காட்டினேன். உன் கிண்ணத்தின் ஒரு சில்லை நான் எறியவில்லையடா, கட்டைவிரல் அகலம் இருக்கும், பஞ்சில் சுற்றி மாத்திரை டப்பாவில் போட்டு, பல் செய்கிற என் மேசை டிராயரில் ஏழு வருஷமாக வைத்திருந்தேன். அதையும், நாங்கள் கட்டுப்பல்லுக்கு நிறம் பார்க்கிற பட்டையையும் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். பதினாறு பல் வரிசையாகக் கோத்த அந்தப் பட்டையை எடுத்து நீட்டியதும் கடைக்கார அம்மாள் ஐயையோ என்று இரண்டடி பின்னால் போய்விட்டார். வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், முப்பது வருஷமாக அதில்தான் சோறு தின்கிறேன். ஐந்து எண்ணுவதற்குள் பார்த்துவிட வேண்டும், பிறகு கண்ணுக்கு ஓய்வாக நீலத்தைப் பார்க்க வேண்டும். அதற்காக உன் அத்தையின் நீலக் குடையை விரித்துப் பிடிக்கச் சொன்னேன், கொட்டகைக்குள்ள குடை பிடிக்க வச்சிட்டியே அண்ணி, மானம் போவுது என்று முனகிக்கொண்டே பிடித்தாள். நாலாவது கடையில் கிடைத்தது. அதே பட்டைப் பக்கம், அதே பாதம், சில்லைப் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று தெரியாத அதே வெள்ளை. நகத்தால் தட்டினேன், கணீர் என்றது, எங்கும் விரிசல் இல்லை. வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அத்தை தன் பங்குக்கு ஒரு சூப் பாத்திரத்து மூடியை வாங்கினாள், நம் வீட்டில் அது எதற்கும் பொருந்தவில்லை.

வீட்டில் அதை ஆறாவது இடத்தில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தேன். ஐந்தும் ஒரு நிறம், இது ஒரு நிறம். ஏழு வருஷக் காப்பி அந்த ஐந்தின் நுண்ணிய கோடுகளுக்குள் இறங்கி, மெல்ல மெல்லப் பழுத்து, தேன் கலந்த நிறமாகிவிட்டிருக்கிறது, தினம் பார்க்கிற எனக்குத்தான் தெரியவில்லை. சில்லு மட்டும் உடைந்த அன்றிருந்த வெள்ளையிலேயே நின்றுவிட்டது. பிடுங்கின பல்லைப் பார்த்து நிறம் எடுக்காதீர்கள், வாயில் இருக்கிற பக்கத்துப் பல்லைப் பாருங்கள் என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் முதல் நாளே சொல்கிறவள் நான்! அத்தை, புதுசா பல்லு கட்டுன வாய் மாதிரி இருக்கே என்று சிரித்தாள். நான் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கிண்ணத்துக்காக மட்டுமில்லை கண்ணா. உன் கண்ணாடியை விரலால் மறைத்துப் பார்த்தேனே, அதுவும் இதே தப்புதான் என்று அப்போது உறைத்தது. நான் காத்துக்கொண்டிருக்கிற பிள்ளை ஏழு வருஷத்துக்கு முன்னால் வாசலைத் தாண்டிய பிள்ளை, நீயோ அங்கே என் கண் படாமல் வளர்ந்து அப்பனாகிவிட்டாய்.

நான் அழுதுகொண்டிருக்கும்போதே அப்பா வந்துவிட்டார். வெள்ளைக் கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு மேசையில் கிடந்த சில்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எங்க இருந்துச்சு என்று கேட்டார். ஏழு வருஷமாக என் டிராயரில் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். போச்சு, கெடுத்தேன் காரியத்தை என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் காப்பிக்கு வந்தவர் தன் கிண்ணத்தை விட்டுவிட்டு அந்த வெள்ளையை எடுத்து நீட்டினார். குடித்துவிட்டு அவரே லேசாக அலசிக் கவிழ்த்தார், நான் தேய்க்கப் போனால் வேணாம் விடு என்றார். பத்து மணிக்கு மறுபடி நீட்டினார், சாயங்காலம் மறுபடி, டிகாக்‌ஷன் கெட்டியா ஊத்து என்று அதிகாரம் வேறு. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை, டாக்டர் ஒரு வேளைதானே சொன்னார், இதென்ன புதுசாகப் பிடித்திருக்கிற பைத்தியம் என்று சத்தம் போட்டேன். அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி, அவன் வர்றதுக்குள்ள இது மத்ததோட சேர வேணாமா என்றார். ஒரு மடக்கு குடித்துவிட்டு, எப்ப வர்றானாம் என்றார்.

இதுதான் பதில். வா என்ற வார்த்தையை அவர் வாயால் சொல்லவில்லை, சொல்லுவார் என்று நீயும் காத்திருக்காதே. அந்த நிறம் ஏற எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும், அவரிடம் சொல்லவில்லை. நீ வந்து மிச்சத்தைக் குடி.

நீயும் மருமகளும் பேத்தியும் தீர்க்காயுசோடு, ஒற்றுமையாக, குறையில்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே லீவுக்கு எழுதிக் கொடு, தேதியை மறக்காமல் சொல், கண்ணாடியோடேயே வா. தாமதம் செய்யாதே, உன் அப்பா இன்றைக்கு நாலாவது காப்பிக்குக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா