இருபத்திரண்டு விநாடிக்குப் பிறகு

பருத்திப்பட்டு,
13-11-2025, வியாழன்.

அன்பு மகள் மோகனாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். வேளைக்குச் சாப்பிடுகிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் யோக்கியதை எனக்குப் போய் ஐந்து மாதம் ஆகப்போகிறது, அதனால் கேட்கவில்லை. என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். ஞாயிறுதோறும் அம்மாவோடு பேசுகிறாய். பின்னால் நான் இருமினால்கூட வைத்துவிடுகிறாய். குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அதனால்தான் தபால். உன் புனே விலாசத்தை அம்மாவின் நோட்டிலிருந்து அவளுக்குத் தெரியாமல் எடுத்தேன். தபாலாபீசில் இன்லேண்டு லெட்டர் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கவர்ல போட்டு ஸ்பீடு போஸ்ட் பண்ணிடுங்க சார் என்றாள்.

உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். போடு, ஆனால் படித்துவிட்டுப் போடு. மாப்பிள்ளையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ குழந்தையோடு புனேவுக்குக் கிளம்பும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அதன்பிறகு நீ என்னோடு பேசவே இல்லை. அந்தக் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆனால் நேராக அதற்கு வர எனக்குக் கை வரவில்லை. முதலில் வீட்டுச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன்.

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ஏரி நிறைந்துவிட்டது. நம் பழைய நிலத்தில் கட்டிய பிளாட்டுகளின் கீழ்த்தளத்தில் தண்ணீர் நிற்கிறது. அங்கே குடியிருக்கும் ஐ.டி. பிள்ளைகள் பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு போனில் அதைப் படம் பிடிக்கிறார்கள். வீட்டில் டிவி காலையில் இருந்து ஓடுகிறது. முன்பு நான் அதோடு சண்டை போட்டுக்கொண்டே பார்ப்பேன், உனக்குத் தெரியும். எட்டு பேர் எட்டுக் கட்டத்தில் உட்கார்ந்து கத்துவார்கள், ஒன்பதாவதாக நான் கத்துவேன். இப்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு வாயசைப்பை மட்டும் பார்க்கிறேன். ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஒரு சேனலில் செய்தி வாசிக்கும் பெண் பெண்ணே இல்லையாம், கம்ப்யூட்டர் செய்த உருவமாம். பாலம் இடிந்ததையும் தங்கம் விலையையும் ஒரே முகத்தோடு சொல்கிறது. நானும் இப்போது ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறேன்.

அம்மாவுக்கு அவள் சீரியல் இருக்கிறது. அதில் செத்துப்போன மருமகன் போன வாரம் வேறு முகத்தோடு திரும்பி வந்துவிட்டான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நம் வீட்டுச் சாவுக்கு அவள் மூன்றாம் நாளோடு அழுகையை நிறுத்தியவள். எல்லாவற்றையும் அந்த அரை மணி நேரத்தில் அழுது தீர்க்கிறாள் என்று நினைக்கிறேன். எனக்கு அதுவும் வரவில்லை.

என் டச் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பட்டன் போன்தான் வைத்திருக்கிறேன். பூட்டி வைத்தால் நடந்தது இல்லை என்று ஆகிவிடுமா? நடந்ததை நான் உன்னிடம் ஒரு தடவைகூட ஒழுங்காகச் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூர் கம்பெனியில் இருந்து ரிட்டயர் ஆனபிறகு எனக்கு வேறு வேலை இல்லை. மாப்பிள்ளைதான் அந்தப் போனை வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினார். மெசேஜை அழுத்திப் பிடிச்சா அம்புக்குறி வரும் மாமா, அதைத் தட்டினா போதும் என்றார். அன்று பிடித்தது எனக்கு அந்தப் பைத்தியம். ஆவடியில் ஒரு குழாய் உடைந்தால் நம் குடும்பக் குரூப்பில் முதலில் நான் போட வேண்டும். உன் பெரியப்பா மகன் அசோக் முந்திவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அம்மா என்னை முந்திரிக்கொட்டை என்று சொல்வாள், நான் சிரிப்பேன்.

ஜூன் 18, புதன்கிழமை. காலை ஒன்பது ஐம்பதுக்கு ஊர்க் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. கரையான்சாவடி மெயின் ரோடு, கேமராப் பதிவு, கறுப்பு வெள்ளை. தண்ணீர் லாரி, பைக். இருபத்திரண்டு விநாடி. நான் முழுதாகப் பார்க்கவில்லை, மோகனா. லாரி வந்ததைப் பார்த்தேன், ஓர் ஆள் விழுந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான். அசோக் போடுவதற்குள் போட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. ‘ஹெல்மெட் இல்லாமல் பறந்தால் இதுதான் கதி. எல்லாரும் அவரவர் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டவும்’ என்று கீழே ஒரு வரி சேர்த்து நம் குரூப்புக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு இட்லி சாப்பிட்டேன். மூன்று பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் கட்டைவிரல் காட்டினார்.

நீ ஆபீசில் அதைத் திறந்தாய். நான் வளர்த்த பிள்ளை என்னை மாதிரி இல்லை, கடைசி வரை பார்த்திருக்கிறாய். வண்டியை வைத்துக் கண்டுபிடித்தாய். போலீஸ் உனக்குச் சொல்வதற்கு முன்னால், ஆஸ்பத்திரி சொல்வதற்கு முன்னால், உன் புருஷன் போன சேதியைப் பெற்ற தகப்பன் புத்திமதியோடு உனக்கு அனுப்பிவைத்தான். யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அப்புறம் அந்தப் போனில் பார்த்தேன். மாப்பிள்ளையின் போனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. படிக்கவில்லை என்று காட்டியது.

பதினாறாம் நாள் நீ கேட்டாய். சுத்தி அத்தனை பேர் நின்னாங்களேப்பா, ஒருத்தர்கூட அவர் பக்கத்துல போகலையா என்று. வீடியோ அங்கேதான் முடிகிறது. அவர் தரையில் கிடக்கிறார், ஆட்கள் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள், போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் போகவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

போன திங்கட்கிழமை அந்த வீடியோ டிவியில் வந்தது. ஏதோ விபத்துகளைத் தொகுத்து ஒரு நிகழ்ச்சி. வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, பின்னால் மேளம் மாதிரி ஓர் இசை. வேறு ஊர்ப் பெயர் போட்டிருந்தார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் அந்த வீடியோவை இதுவரை பார்த்ததே இல்லை, நாம் யாரும் காட்டவில்லை. ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். ஐயோ பாவம், யார் பெத்த புள்ளையோ என்றாள். மறுபடி காயை ஆய ஆரம்பித்தாள். நான் ரிமோட்டை எடுத்துச் சீரியலுக்கு மாற்றினேன். அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

மறுநாள் பஸ் பிடித்துக் கரையான்சாவடிக்குப் போனேன். கேமரா ஒரு டைல்ஸ் கடையுடையது. கடைக்காரர் முகமது இஸ்மாயில், என் வயதுக்காரர். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். மானிட்டரில் ஓடியதை அன்றைக்கு யாரோ போனில் பிடித்து வெளியே விட்டுவிட்டார்களாம், அதற்காக என் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார். உங்க கேமரா என்ன பண்ணும் பாய், அனுப்பினவன் நான் என்றேன். போலீஸ் கேட்டதால் முழுப் பதிவையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். பதினேழு நிமிடம். பார்க்கிறீங்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பார்த்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை ஹெல்மெட் போட்டிருந்தார். மோதியதும் அது தெறித்துக் கடை வாசல் வரை உருண்டு வருகிறது. நான் எழுதிய வரி பொய். ஒரு தடவை முழுதாகப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

இருபத்திரண்டாவது விநாடிக்குப் பிறகு ஒரு நாலைந்து விநாடிதான், மோகனா. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் வருகிறாள். பூ விற்கிறவள். கூடையை அப்படியே நடு ரோட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்து அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். ஆம்புலன்ஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை. பதினான்கு நிமிடம். வெயில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் ஏதோ பேசுகிறாள். அவரும் பேசுகிறார்.

இதையெல்லாம் பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூலையில் நேரம் ஓடுவதைத்தான் அதிகம் பார்த்தேன் என்று நினைக்கிறேன். இஸ்மாயில் பாய் டீ வரவழைத்தார், குடித்தேன். பென் டிரைவில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனி என் கையால் எந்த வீடியோவும் எங்கேயும் போகாது.

அந்த அம்மாள் பெயர் நாகம்மாள். கடைக்கு நாலு கடை தள்ளி இப்போதும் உட்கார்ந்து பூ விற்கிறாள். பாய்தான் கூட்டிப்போய்க் காட்டினார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைக்காமலே பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.

“நான் இன்னா அண்ணாத்தே பெருசா பண்ட்டேன்? அல்லாரும் போனத் தூக்கிகினு நின்னுகினு இருந்தானுங்கோ. ஒர்த்தன் கிட்ட வரல. நான் போயி தலைய மடில வெச்சுகினு குந்திகினேன். தண்ணி கேட்டாரு. குடுக்காதன்னாங்கோ. ஒதட்ட மட்டும் நனைச்சு வுட்டேன். முழிச்சுகினுதான் கீறாரு. பயப்படாத நைனா, வண்டி வந்துகினே கீதுன்னு சொன்னேன். ஊட்டு நம்பரு சொல்லு நைனா, போன் போடச் சொல்றேன்னு கேட்டேன். வேணாம்மா, அவ ஆபீஸ்ல ஒண்டியா இருப்பா, கேட்டா பயந்துடுவா, நானே அப்பறமா பதமா சொல்லிக்கிறேன்னாரு. அத்தோட கண்ண மூடிகினாரு. கைய மட்டும் வுடல. ஆம்புலன்ஸ்காரன்தான் பிரிச்சு எட்த்தான்.”

இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாமா என்று நேற்று முழுவதும் யோசித்தேன். ஒரு பூக்காரம்மாள் பக்கத்தில் இருந்தாள் என்பதோடு நிறுத்தியிருந்தால் உனக்கும் ஆறுதல், எனக்கும் பாதகமில்லை. ஆனால் அந்த வார்த்தை உன்னுடையது. உன் புருஷன் உனக்காகச் சொன்ன கடைசி வார்த்தையை மறைத்து வைக்க நான் யார்? ரோட்டில் கிடந்துகொண்டு, நீ பயந்துவிடக் கூடாது என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தோன்றவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வெட்கமாக இருந்தது, மோகனா. ஐந்து மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஒருத்தி போனாள். அவர் தனியாகப் போகவில்லை. கையைப் பிடிக்க ஒரு கை இருந்தது.

நாகம்மாளுக்கு உன்னைப் பார்க்க வேண்டுமாம். அந்தப் பொண்ண ஒரு தபா இட்டாந்து காட்டு அண்ணாத்தே, நேர்ல ரெண்டு வார்த்தை சொல்லணும் என்றாள். நான் எப்படிக் கூட்டிவருவேன் என்று அவளிடம் சொல்ல முடியுமா? சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பொங்கல் லீவுக்கு நீ வந்தால் நேராக அங்கே போ. இஸ்மாயில் டைல்ஸ் என்று கேட்டால் காட்டுவார்கள். காலை ஏழு மணியில் இருந்து ஒரு மணி வரை இருப்பாள். கவியையும் கூட்டிப் போ. குழந்தைக்கு இப்போது வேண்டாம் என்று தோன்றினால் விடு, அது உனக்குத் தெரியும்.

அங்கேயிருந்து அப்படியே ரயிலேறிப் போய்விடாதே. அம்மா இந்த ஐந்து மாதத்தில் மெலிந்துவிட்டாள், போனில் சொல்ல மாட்டாள். ஒரு வேளை அவள் கையால் சாப்பிட்டுவிட்டுப் போ. எந்தத் தேதி, எத்தனை மணி என்று அவளிடம் மட்டும் சொல். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்க மாட்டேன். உன் வண்டி தெருவைத் தாண்டிப் போய்விட்டது என்று அம்மா வந்து சொன்ன பிறகுதான் உள்ளே வருவேன்.

நீயும் கவியும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
பரந்தாமன்