டிரெஸ்ஸிங் டேபிளுக்கு நாலு கால்

“தேக்குக்கு யாராச்சும் பெயிண்ட் அடிப்பாங்களா, அம்புஜம்? அதை என் தங்கச்சிக்குக் குடுக்கறேன்னு நான் சொல்லி...”

“எங்கப்பா எனக்குச் சீராக் குடுத்ததை நீங்க எப்படிங்க சொல்லலாம்?”

“நீலமாக்கினா நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்.”

“திரும்ப வேண்டாமுங்க.”

நேத்துக் காலையில நாம பேசினது இத்தோட நின்னுபோச்சு. மத்தியானத்துக்குள்ள ரெண்டு கோட்டு அடிச்சுப்போட்டேன். கொஞ்சங்கூட மினுங்காத நீலம், சொட்டு நீலத்தைக் கரைக்காம அப்படியே பூசினாப்பல இருக்குது. பத்துத் தடவை போய்ப் போய்ப் பாத்துட்டு வந்தேன்.

குக்கர்ல அரிசிம்பருப்புச் சோறு இருக்குதுங்க, நெய் ஊத்திக்கோங்க. பக்கத்து ஊட்டு ஜன்னத்தோட டவுன்ஹால் கடைவீதிக்குப் போறேன், டிராயருக்குப் பித்தளைக் கைப்பிடி வாங்கோணும். பின்வாசல் சாவி என்கிட்ட இருக்குது.

பதினோரு மணிக்கு உங்க தங்கச்சி வெள்ளகோவில்ல இருந்து வேனோட வர்றாங்க. டேபிள் இங்கயேதான் இருக்கும்னு நீங்கதான் சொல்லோணும். வாக்குக் குடுத்தது நீங்க.

இந்தச் சீட்டுல கீழ கொஞ்சம் இடம் இருக்குது, இதையும் எழுதிப்போடறேன். குனிய முடியாம, கால் நாலையும் பூசாம விட்டிருந்தேன். இன்னைக்கு எந்திரிச்சுப் பாத்தா நாலும் நீலம். காப்பி வாங்கக் கை நீட்டினீங்களே, உங்க நகத்துலயும் நீலம். சிரிப்பு தாங்காம சமையல்கட்டுக்குள்ள ஓடிட்டேன்.

ஏனுங்க, காலுக்கெல்லாம் யாரு பெயிண்ட் அடிச்சதுன்னு உங்க தங்கச்சி கேட்டா என்னன்னுங்க சொல்லுவீங்க?